இருவாச்சிக் கூட்டில் பிளவு விழுந்த கதை

பறவைகள் ஒன்றோடொன்று வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், இருவாச்சியின் கூட்டுச் சுவரில் பிளவே கிடையாது. பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்துகொண்டு, மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலை முழுக்கப் பூசி அடைத்துவிடும். பாம்புக்கும் மரநாய்க்கும் அவ்வளவு பயம். உள்ளே போனதும் இறகுகளை உதிர்த்துவிடும். அவை மறுபடி முளைக்கும்வரை பறக்க முடியாது. பொந்தின் உச்சியில் ஒரு சின்னத் துளை இருக்கும். ஆண் அதில் அத்திப்பழத்தைப் போட்டால் உருண்டு உள்ளே விழும். உள்ளே பேசுவது வெளியே கேட்காது.

முதன்முதலாகத் தகப்பனாகப் போகிற ஒரு ஆண் இருவாச்சிக்கு, மனைவி சுவரைப் பூசி முடித்த அன்றே கவலை பிடித்துக்கொண்டது. எத்தனை நாள் பழம் போடுவது? எப்போது நிறுத்துவது? கீழே சருகில் அடைகாத்துக்கொண்டிருந்த காட்டுக்கோழியிடம் போய்க் கேட்டான்.

"இதுக்கா இந்த முழி முழிக்கிறே?" என்றாள் காட்டுக்கோழி. "எண்ணிக்கோ தம்பி. நான் மூணு வாரம் உட்காருவேன். முடிஞ்சா எழுந்து போயிடுவேன். உங்க கூட்டத்துக்குப் பெரிய உடம்பு, மூணு மடங்கு வெச்சுக்கோ. கவலையே வராது."

அவனுக்கு அது பிடித்துப்போயிற்று. அத்தனை நாளுக்கும் நாளுக்கொன்றாகப் பழக்கொட்டைகளைக் கிளை இடுக்கில் அடுக்கினான். தினமும் அந்தியில் ஒன்றைத் தள்ளிவிட்டான். இடுக்கு காலியாகக் காலியாக அவன் மனம் லேசானது. கடைசிக் கொட்டையும் விழுந்தது. பழம் கொண்டுவருவதை நிறுத்திவிட்டு, சுவர் உடையப்போகிறது என்று எதிர்க்கிளையில் உட்கார்ந்தான்.

சுவர் உடையவில்லை.

அந்த வருடம் மழை விடாமல் பெய்து காடே குளிர்ந்து கிடந்தது. மறுநாளும் சுவர் அப்படியே இருந்தது. அதற்கடுத்த நாளும்.

"என்னப்பா, வீட்டுக்காரி கதவைத் திறக்கலையா? என்ன சண்டை?" என்று மரங்கொத்தி கேட்டுவிட்டுப் போனது.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்கில் ஒரு கொட்டை குறைந்துவிட்டதோ? இல்லை, குஞ்சு வெளியே வரத் தெரியாமல் தவிக்கிறதோ? உள்ளே இருப்பவள் இருக்கிறாளா, இல்லையா? சுவரை உடைத்தால் மரநாய் மோப்பம் பிடித்து வந்துவிடும். உடைக்காவிட்டால் எதுவுமே தெரியாது. சுவரருகே போவதும் திரும்புவதுமாக இருந்தவன், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு நடுச்சுவரில் ஓங்கிக் கொத்தினான்.

ஒரு கீறல் விழுந்தது. உள்ளிருந்து வெளிறிய அலகு ஒன்று மெதுவாக எட்டிப் பார்த்தது.

"ஏங்க நிறுத்துனீங்க?"

குரல் நூலாக மெலிந்திருந்தது.

"எண்ணிக்கை முடிஞ்சுபோச்சும்மா..."

"உங்க எண்ணிக்கையைக் குஞ்சுகிட்ட யாரு போய்ச் சொன்னா? குளிருல தாமதமாகி இப்போதான் முட்டை ஓட்டை உடைச்சுக்கிட்டு வந்திருக்கு. எனக்கும் இறகு முளைக்கலை. எங்கிருந்து வெளிய வர்றது?"

அவன் பறந்தான். தொண்டை கொள்ளாமல் பழம் நிரப்பிக்கொண்டு வந்து கீறல் வழியாகக் கொடுத்தான். பிறகு கீறலைப் பூசி அடைக்கப் போனவளைத் தடுத்தான்.

"இந்த அளவு திறந்திருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டுத் தர்றேன். இறகு வந்துடுச்சா?"

"இல்லை."

மறுபடி பறந்தான். வந்தான். கேட்டான். இல்லை என்றாள். அவளுக்கு இறகு முளைத்துச் சுவர் உடையும்வரை அதே கேள்விதான், அதே பதில்தான்.

குடும்பத்தோடு கீழே வந்தவன் காட்டுக்கோழியிடம் பொரிந்தான். "உங்க பேச்சைக் கேட்டு என் குடும்பத்தையே கொன்னிருப்பேன் அக்கா! இனிமே நீங்களும் எண்ணாதீங்க. முட்டையையே கேளுங்க."

"எனக்குச் சரிப்படாது தம்பி," என்றாள் அவள். அவளைச் சுற்றிக் குஞ்சுகள் ஓடின. பின்னால் சருகில் பொரியாத முட்டை ஒன்று கிடந்தது. "அதோ, அது கூமுட்டை. அதைக் கேட்டா எந்தக் காலத்துல ஆச்சுன்னு சொல்லும்? கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருந்தா இவங்க பசியில செத்திருப்பாங்க. நானும்தான்."

அன்று இருவாச்சியின் மனதில் ஏறிய பயம் பிறகு இறங்கவே இல்லை: 'இல்லை' என்கிற பதில் ஒருநாளும் மாறாமலே போய்விட்டால்?

இன்றைக்கும் காட்டுக்கோழி எண்ணிய நாள் முடிந்ததும் கூமுட்டையைத் திரும்பிப் பாராமல் போகிறது. இருவாச்சியோ அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் சுவர்ப் பிளவில் அலகை வைத்து, பதில் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.