கேள்விக்குக் கீழே பேரும் ஊரும்

“‘நிலா ஏன் நம்மோடு கூடவே வருகிறது?’ என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். ‘அதற்கும் வேறு வேலை இல்லை’ என்று பதில் போட்டிருக்கிறீர்கள். இது அநியாயம் இல்லையா அம்மா?”

“அநியாயந்தான் சார். காபி சாப்பிடுறீங்களா?”

விசாலாட்சி அம்மாளோடு நான் பேசிய முதல் பேச்சு இது.

அந்த வார இதழில் பத்தொன்பது வருஷமாகக் கேள்வி-பதில் பக்கம் எழுதுகிறவர் அவர். நான் சபாரத்தினம். கல்லூரியில் முப்பத்துமூன்று வருஷம் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவன். அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவன்.

வாரம் தவறாமல் அவருடைய பதில்களில் தப்புக் கண்டுபிடித்துக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தேன். நாற்பதாவது கடிதத்துக்கு ஒரு கார்டு வந்தது.

“எனக்கு அலுத்துவிட்டது. நீங்களே வந்து எழுதுங்களேன்.”

போனேன். வீட்டில் விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு என்ன வேலை? வெளியே சொல்லிக்கொண்டது சிஷ்யன் என்று. உள்ளுக்குள், இந்த அம்மாளைத் திருத்த வந்தவன் என்ற நினைப்பு.

திருத்த எவ்வளவோ இருந்தது.

“உலகத்திலேயே கஷ்டமான மொழி எது?”

“மாமியார் வீட்டில் பேசுவது.”

“தேர்தலில் ஜெயித்தவர் தொகுதிப் பக்கம் வருவதே இல்லையே, ஏன்?”

“வழி மறந்திருக்கும். யாராவது போய்க் கூட்டி வாருங்கள்.”

“நிலாவில் போர் போட்டால் தண்ணீர் வருமா? — மு. பேச்சிமுத்து, ஒட்டன்சத்திரம்.”

“முதலில் ஒட்டன்சத்திரத்தில் வரட்டும்.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

“ஒரு மனுஷன் ஆசையாகக் கேட்கிறான். நாலு வரி விஷயம் சொன்னால் என்ன குறைந்துவிடும்?”

“நாலு வரி குறைஞ்சிடும் சார். இன்னும் நாலு பேர் கேள்வியைப் போட முடியாது.”

“ஒவ்வொருத்தனும் பேர் வரணும் என்றுதானே எழுதுகிறான்?”

“ஆமா.”

“அதுவா முக்கியம்?”

அவர் அடுத்த கார்டை எடுத்தார். அவருக்கு ஒரு பழக்கம். எடுத்ததும் கேள்வியைப் படிக்கமாட்டார். முதலில் அனுப்பியவர் பேரைப் பார்ப்பார், அப்புறம் திருப்பித் தபால் முத்திரையில் ஊரைப் பார்ப்பார். கேள்வி கடைசியில்தான்.

“ஏன் இப்படி?”

“பழக்கம்.”

எதைக் கேட்டாலும் இதே மாதிரி ஒற்றை வார்த்தை. எனக்கு எரிச்சலாக வரும்.

இரண்டு மாதம் கழித்து அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. மூன்று வாரம் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போகிற அன்றைக்கு ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டுக் கார்டை என்னிடம் கொடுத்தார். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் ஒரு வரி பதில்.

“மூணு வாரத்துக்கு வரும். புதுசா வர்றதையும் பார்த்துச் சேர்த்துக்குங்க. வரிசையை மாத்தாதீங்க சார். பேரையும் ஊரையும் தொடாதீங்க.”

“ஏன்?”

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் இரண்டும் மஞ்சளாக இருந்தது.

“சும்மாத்தான்,” என்றார்.

சும்மா! இவரிடம் போய்க் கேட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அந்த வாரமே எல்லாவற்றையும் மாற்றினேன். அறிவியல், மொழி, அரசியல் என்று தனித்தனியாகப் பிரித்தேன். ஒரு வரிப் பதில்களைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு முழுசாக விளக்கம் எழுதினேன். இடம் போதவில்லை. பேரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். ‘வாசகர் கேள்வி’ என்று பொதுவாகப் போட்டால் ஆயிற்று. அதிலேயே பதினெட்டு வரி மிச்சம்.

ஆசிரியர் புரூஃபைப் பார்த்துவிட்டு, “கனமா இருக்கு சார்,” என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் அப்படி வந்தது. கார்டுகளின் வரத்து குறைந்துகொண்டே போயிற்று. தபால்காரர் இரண்டு கையால் தூக்கி வந்ததை ஒரு கையால் கொண்டுவந்து வைத்தார். எனக்கும் அலுப்பாக இருந்தது. இவ்வளவு எழுதியும் ஒருத்தன்கூட ‘நன்றாக இருக்கிறது’ என்று ஒரு வார்த்தை எழுதவில்லை.

நாலாவது வாரம் விசாலாட்சி அம்மாள் திரும்பி வந்தார். பாதியாக இளைத்திருந்தார். மூன்று இதழையும் மேஜைமேல் விரித்து வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே விரலை ஓட்டினார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

அப்போதுதான் வாசலில் அந்த ஆள் வந்து நின்றார்.

ஐம்பத்தைந்து வயசு இருக்கும். சட்டை முழுக்கப் பாறைத்தூள். கையில் எங்கள் இதழ், சுருட்டிப் பிடித்திருந்தார்.

“கேள்வி-பதில் போடுறவுக யாருங்க?”

“நான்தான்,” என்றேன். இதிலும் முந்திக்கொண்டேன் பாருங்கள்.

“பேரையெல்லாம் ஏன் எடுத்துட்டீக அய்யா?”

“இடம் இல்லை. விளக்கமா எழுதணும் இல்லையா? உங்க பேர்?”

“பேச்சிமுத்து. போர் போடுற லாரியில வேலை. ஊர் ஊராப் போவோம். இப்ப அரூர்ப் பக்கம். அங்கிருந்துதான் வாரேன்.”

நிலாவில் போர் போடக் கேட்ட ஆள்! பேர் வராத கோபத்தில் இத்தனை தூரமா என்று நினைத்தேன். சிரிப்புக்கூட வந்தது.

“அடுத்த வாரம் உங்க பேரைப் போட்டுடலாம்.”

“என் பேரு கெடக்கட்டும் அய்யா. என் மக பேரு வரலையே.”

விசாலாட்சி அம்மாள் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பேச்சிமுத்து உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார்.

“மூணு வருசம் முன்னாடி அவளா ஒருத்தனைக் கட்டிக்கிட்டுக் கோவில்பட்டிக்குப் போயிட்டா. இனி உனக்கும் எனக்கும் பேச்சில்லை, கடுதாசி இல்லைன்னு செத்துப்போன அவ ஆத்தா மேல சத்தியம் பண்ணிட்டேன். கோவத்துல பண்ணினது. பண்ணினது பண்ணினதுதானே?”

“அப்புறம்?”

“ஒரு நா டீக்கடையில உங்க புத்தகத்தைப் புரட்டுறேன். ‘போர் போடுறவங்களுக்குத் தூசியால மூச்சு முட்டினா என்ன வைத்தியம்? — பே. செண்பகவல்லி, கோவில்பட்டி’ன்னு போட்டிருக்கு. கல்யாணம் ஆனவ, இன்னும் என் பேரோட முத எழுத்தைத்தான் முன்னாடி போடுறா.”

சுருட்டியிருந்த இதழை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

“அடுத்த வாரம் நானும் ஒரு கேள்வி போட்டேன். உங்களுக்குத்தானே எழுதுறேன், அவளுக்கா எழுதுறேன்? சத்தியம் ஒண்ணும் தப்பலையே. அன்னையிலேருந்து வாராவாரம் அவ ஒண்ணு, நான் ஒண்ணு. எங்க இருக்கேன்னு அவளுக்குத் தெரியும். அவ நல்லா இருக்கான்னு எனக்குத் தெரியும். ரெண்டையும் அடுத்தடுத்துத்தான் போடுவீக.”

நான் விசாலாட்சி அம்மாளைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எட்டு மாசம் முன்னாடி, ‘திடீரென்று புளிப்பு மேல் ஆசை வருவது ஏன்?’னு கேட்டிருந்தா. ‘வாழ்த்துகள். அடுத்த கேள்வி?’ன்னு பதில் போட்டிருந்தீக. அதைப் பார்த்துத்தான் எனக்கு விசயமே தெரியும். டீக்கடையில நின்னு அழுதேன் அய்யா.”

அந்தப் பதில் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ‘பொறுப்பற்ற பதில்’ என்று அப்போது நான் கடிதம் போட்டிருந்தேன்.

“மூணு வாரமா யார் பேரும் இல்லை. எது அவ கேட்டதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நாள் தாண்டிப்போச்சு. முதப் பிரசவம். அவ ஆத்தா பிரசவத்துலதான் போனா.”

சுருட்டிய இதழை மேஜைமேல் வைத்தார்.

“புள்ள இருக்காளா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.”

“கோவில்பட்டிக்கே போயிருக்கலாமே,” என்றேன்.

“பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன் அய்யா. அங்க போயி வேற சேதியா இருந்துட்டா? காலு வரலே.”

விசாலாட்சி அம்மாள் மேஜைக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார். அச்சில் போட்டு முடிந்த கார்டுகள் இருக்கும் பெட்டி.

“தேடுங்க சார்.”

தரையில் உட்கார்ந்து தேடினேன்.

“முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அம்மா?”

“அவங்க எங்கிட்டச் சொல்லலையே சார். நானா எப்படிச் சொல்றது?”

மின்னல். புவியீர்ப்பு. சட்ட மேலவை. வடமொழி. எல்லாவற்றின் மேலும் என்னுடைய சிவப்பு மை. ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ள எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஒரு கார்டில் பேச்சிமுத்துவே கேட்டிருந்தார், பத்து மாசக் கணக்குத் தப்புமா என்று. அதற்கு நான் இருநூற்றெண்பது நாள் என்று கட்டம் போட்டு விளக்கியிருந்தேன்.

அதற்கும் கீழே அது கிடைத்தது. பே. செண்பகவல்லி, கோவில்பட்டி. மேலே ‘அறிவியல்’ என்று நான் எழுதியது. இதற்கு ஒன்றே கால் பத்தி எழுதியிருந்தேன், கண்ணீர்ச் சுரப்பிகளைப் பற்றி.

கார்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“கண்ணாடி எடுத்தாரலே. நீங்களே வாசிங்க.”

வாசித்தேன்.

“‘பிறந்த குழந்தை எவ்வளவு அழுதாலும் கண்ணில் தண்ணீர் வருவதில்லையே, ஏன்?’”

அவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். துண்டை இறக்கிவிட்டு, “அதுக்குப் பதில் என்ன போட்டீக?” என்றார்.

என் ஒன்றே கால் பத்தி மேஜைமேல் விரித்தபடி கிடந்தது. விசாலாட்சி அம்மாள் அதை மடித்துத் தள்ளி வைத்துவிட்டு, என் கையில் இருந்த கார்டின் அடியைத் தொட்டுக் காட்டினார். நான் அடித்த சிவப்புக் கோட்டுக்குக் கீழே பென்சில் எழுத்து இன்னும் தெரிந்தது. வாசித்தேன்.

“‘என்ன அவசரம்? முதலில் தாத்தா அழுது முடிக்கட்டும்.’”