மாசிலாமணி காரை ஒப்படைத்த நாள்

“காரை உடைக்கக் கொடுக்கச் சொல்றாங்கம்மா. என்னால முடியல.”

சொல்லிவிட்டு மாசிலாமணி துவைகல் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

தவமணி அம்மாள் துவைத்துக்கொண்டிருந்தார். மலையடிவாரத்து ஓட்டு வீட்டில் தனியாக இருப்பவர். மாசிலாமணிக்கு வயது அறுபத்து நான்கு. அம்மாள் அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். ஆனாலும் ஆறு வருடமாக அவருக்குக் குரு அம்மாள்தான்.

“யார் சொல்றாங்க?”

“மெக்கானிக். அடித்தகடு பூரா துருவாம். இனிமே ரோட்ல ஓட்ட எஃப்.சி. கிடைக்காதாம். மகனும் போன்ல அதையேதான் சொல்றான்.”

“அப்ப கொடுத்துடுங்க.”

“அது என் முதல் கார்மா.”

“தெரியும்.”

ஊரில் எல்லோருக்குமே தெரியும். டெலிபோன் லைன்மேனாக வெயிலில் சைக்கிள் மிதித்த மனிதர், நாற்பத்தோராவது வயதில் வாங்கிய கார். அந்தத் தெருவுக்கே அதுதான் முதல் கார். மனைவி அன்னலட்சுமி முதல் நாள் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாள், கார் அழுக்காகிவிடும் என்று.

மூன்று வருடத்துக்கு முன் அன்னலட்சுமிக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அதே காரில் இறந்துபோனாள்.

அதன் பிறகு மாசிலாமணி தினமும் காரைக் கழுவினார். வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வைத்தார். கேட்டவர்களிடம் எல்லாம், “கடைசி வரைக்கும் அவளைச் சுமந்தது இதுதான்” என்றார்.

“எதையும் பிடிச்சுக்காதீங்கன்னு சொன்னீங்க. வீட்டை மகன் பேருக்கு எழுதிட்டேன். அவ நகையை மருமகளுக்குக் கொடுத்துட்டேன். அஸ்தியைக் கூடக் கரைச்சுட்டேன். அப்பல்லாம் ரெண்டாவது தடவை யோசிக்கல. இந்தத் தகரத்த விட முடியலயே, ஏம்மா?”

தவமணி அம்மாள் கடைசிப் புடவையைப் பிழிந்து கொடியில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டார்.

“நான் உங்க கார்ல ஏறினதே இல்ல. கூட்டிட்டுப் போங்க.”

“எங்கம்மா?”

“காயலான் கடைக்கு.”

மாசிலாமணி வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அம்மாள் காரின் அருகே போய் நின்றார்.

முன்கதவில் அவர் கை வைத்தபோதுதான் மாசிலாமணி ஓடி வந்தார்.

“அங்க வேண்டாம்மா. பின்னாடி உட்காருங்க.”

அம்மாள் பின்னால் உட்கார்ந்தார்.

கார் மெதுவாகப் போனது. சைக்கிள்கள் கூட முந்திப் போயின.

ரயில்வே கேட் வந்தது. திறந்துதான் இருந்தது. ஆனால் மாசிலாமணி காரை நிறுத்தி இன்ஜினை அணைத்தார்.

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. “யோவ் பெரிசு, தூங்கிட்டியா?” என்று கத்திவிட்டு ஒரு லாரிக்காரன் ஒதுங்கிப் போனான்.

“அன்னைக்கு மூடியிருந்துச்சும்மா. பதினோரு நிமிஷம்.”

அம்மாள் ஜன்னல் வழியே தண்டவாளத்தைப் பார்த்தார்.

“கூட்ஸ் வண்டி போச்சு. அப்புறமும் திறக்கல. எதிர்ல இன்னொரு வண்டி வரணும்னாங்க. அவ என் தோள்ல சாஞ்சா. தூங்குறான்னு நினைச்சேன்.”

“ம்.”

“இதை எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்.”

“என்கிட்டயும் சொல்லியிருக்கீங்க.”

“சொல்லாதது ஒண்ணு இருக்கு.”

பஸ்ஸும் ஒதுங்கிப் போயிற்று. ரோட்டில் புழுதி அடங்கியது.

“பக்கத்து வீட்டுப் பொண்ணு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுட்டா. கால் மணி நேரத்துல வந்துடுவோம்னாங்க. நான்தான் போனை வாங்கி வேண்டாம்னு சொன்னேன். நம்ம கார் இருக்கும்போது அது எதுக்குன்னேன். அவ கூடச் சொன்னா, ‘அது வரட்டுமேங்க’ன்னு. வலியோட சொன்னா. நான் கேக்கல.”

ஸ்டியரிங்கை அவர் இறுக்கிப் பிடித்திருந்தார்.

“பெருமைம்மா. வேற ஒண்ணும் இல்ல. தெருவே பார்க்க என் கார்ல அவளை ஏத்தினேன். அந்த ஆம்புலன்ஸ்ல ஆக்சிஜன் இருந்திருக்கும்.”

அழுகை வரும் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை.

“காரை எடுங்க ஐயா” என்றார் அம்மாள்.

காயலான் கடை ஊருக்கு வெளியே இருந்தது. கடைக்காரர் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

“நல்லா வச்சிருந்திருக்கீங்க. உள்ள ஏதும் பொருள் இருந்தா எடுத்துக்குங்க.”

“ஒண்ணும் இல்ல.”

கடைக்காரர் சாவியை வாங்கி ஒரு டப்பாவில் போட்டார். டப்பா நிறையச் சாவிகள் கிடந்தன.

இரண்டு ஆட்கள் வந்தார்கள். முதலில் கதவுகளைக் கழற்றினார்கள். பிறகு முன்சீட்டைப் பிடுங்கி மண்ணில் எறிந்தார்கள். மாசிலாமணி திரும்பிக்கொண்டு சுவரில் கையூன்றி நின்றார்.

“சொல்லிட்டா பாரம் குறையும்னு நினைச்சேன். குறையலம்மா. இது இருந்த வரைக்கும் இதைக் காட்டி எதையாவது பேசிக்கிட்டு இருந்தேன். இனிமே எதைக் காட்டுவேன்?”

அம்மாள் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

மலைக்கு வருவதற்கு முன் தவமணி அம்மாள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தார். பதினாறு வருடம், அவசரப் பிரிவில். ஊருக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதில்லை. மாசிலாமணி இப்போது கேட்டார்.

“நீங்க எத்தனையோ பேரைப் பார்த்தவங்க. ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தா அவ பிழைச்சிருப்பாளா?”

கேஸ் கட்டர் சீறத் தொடங்கியது.

“சொல்லுங்கம்மா. பொய்யா இருந்தாக் கூடப் பரவாயில்ல.”

“ஆஸ்பத்திரி வாசல்ல நிறையப் பேர் இதைக் கேட்டிருக்காங்க ஐயா. ‘யார் வந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாது’ன்னு சொல்லுவேன். நிஜமோ பொய்யோ, எல்லார்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். கேட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க.”

“எனக்கும் சொல்லுங்க. நானும் போயிடுறேன்.”

தவமணி அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார்.

“ஒரு நாள் என் வீட்டுக்காரரை ஸ்ட்ரெச்சர்ல கொண்டு வந்தாங்க. எல்லாம் முடிஞ்சதும், நானும் டாக்டர்கிட்டப் போய் இதையே கேட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“யார் வந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னார்.”