பதினோரு முறை மண் அணைத்தவர்

"என்ற மகளைப் போய்க் கூட்டிட்டு வந்தரட்டுங்களா, அம்மணி?"

கேட்டவர் அங்கணன். வயது அறுபத்தொன்று. மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் டைம் கீப்பராக இருந்தவர்.

அவர் கேட்டது பூவாத்தாளிடம். வயது முப்பத்தாறு. கோத்தகிரியில் பாறை மேல் கட்டிய ஒரு சிறிய வீட்டில் இருந்தார். மனம் நிலைகொள்ளாதவர்கள் அவரைத் தேடி வருவார்கள். சிலர் ஒரு நாள் தங்குவார்கள். சிலர் வருடக்கணக்கில்.

"மகள் எங்க இருக்காங்க?"

"சென்னையிலங்க. வேலை. தனியா ஒரு ரூம்ல இருக்கறா."

"கூட்டிட்டு வரச் சொன்னாங்களா?"

"பேசறதே இல்லீங்க. நாப்பத்தொரு நாளாச்சு. நானும் ஒரு நாளைக்கு ஆறு போன்தான் போடறேன். எந்திரிச்சியா, சாப்பிட்டியா, ஆபீஸ் போய்ச் சேந்தியா, மத்தியானம் சாப்பிட்டியா, ரூமுக்கு வந்துட்டியா, கதவைப் பூட்டுனியா. இன்னிக்கோட இருநூத்து நாப்பத்தாறு. ஒண்ணைக்கூட எடுக்கலீங்க."

"கடைசியா என்ன சொன்னாங்க?"

அங்கணன் போனை எடுத்துக் காட்டினார். ஒரே ஒரு செய்தி.

'நல்லா இருக்கேன்ப்பா. நானே கூப்பிடறேன்.'

பூவாத்தாள் அதை இரண்டு முறை படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே போய் ஒரு விதை உருளைக்கிழங்கை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார். அதில் மூன்று கண்கள் முளை விட்டிருந்தன.

"இதை நட்டு, ஒரு கிழங்கு எடுத்துட்டு வாங்க. அப்புறம் போங்க."

"அதுவரைக்கும் அவளுக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா?"

பூவாத்தாள் அதற்குள் எழுந்து போயிருந்தார்.

*

பாறை மேல் வீடு. தோண்ட மண் கிடையாது. எல்லாம் மொட்டை மாடியில்தான்.

பெயின்ட் வாளிகள் ஆறு. சிமென்ட் சாக்குகள் நான்கு. கோழி வலையை வட்டமாகச் சுற்றி, உள்ளே வைக்கோலும் மண்ணும் நிரப்பிய கூண்டுகள் இரண்டு. அங்கணனுக்காக மூன்றாவது கூண்டு ஒன்றைக் கட்டிக் கொடுத்தார் போஜன். போஜன் அந்த மலையின் படுகர் இனத்தவர். நான்கு வருடமாக அங்கே சமையலும் செடியும் அவர் பொறுப்பு.

"கண்ணு மேல பாத்து வைங்க," என்றார் போஜன்.

அங்கணன் வைத்தார். மூடினார். தேதியைச் சுவரில் கரியால் எழுதினார்.

பதினாறாம் நாள் முளை வெளியே வந்தது. இருபத்திரண்டாம் நாள் ஒரு சாண் உயரம் ஆனது. அங்கணன் கீழே இறங்கிப் போய்ப் பூவாத்தாளிடம் சொன்னார்.

"சரி. தண்டைச் சுத்தி மண் அணைங்க."

"எவ்வளவுங்க?"

"இலை சொல்லும்."

அங்கணனுக்கு அது பிடிக்கவில்லை. அவருக்கு ஒரு கணக்கு வேண்டும். போஜனிடம் கேட்டார்.

"எதுக்கு மண் அணைக்கறது?"

"கிழங்கு மேல வெயில் படக்கூடாது ஐயா. பட்டா பச்சையாயிரும். பச்சையானா கசக்கும். சாப்பிட்டா வயித்துக்கு ஆகாது."

"பச்சையாயிருமா?"

"ஆயிரும்."

அன்று இரவு அங்கணன் சரியாகத் தூங்கவில்லை.

*

அதற்குப் பிறகு இலை எப்போது தலை தூக்கினாலும் அவர் கூடையோடு நின்றார். மாடிக்குப் படி பத்தொன்பது. ஒவ்வொரு முறையும் ஒரு கூடை மண். கூண்டின் உயரம் போதாமல் வலையின் மேல் வலை வைத்துக் கட்டினார். கூண்டு இடுப்பளவு வந்தது.

"கோபுரம் எழுப்பியாச்சு," என்றார் போஜன். "கும்பாபிஷேகம் என்னிக்கு ஐயா?"

"கிண்டல் பண்ணாதீங்க. உங்க வாளியில பாருங்க, பாதிச் செடி வெளிய நிக்குது."

"நிக்கட்டும். அதுக்கும் வேடிக்கை பாக்க வேண்டாமா?"

அங்கணன் சிரிக்கவில்லை. மணி ஒன்று. போனை எடுத்தார். மத்தியானம் சாப்பிட்டாளா என்று கேட்க வேண்டும்.

மணி அடித்து அடித்து நின்றது.

நாற்பதாம் நாள் பூவாத்தாளிடம் போனார்.

"நான் போயிட்டு வந்தரட்டுங்களா? மனசு கேக்கலீங்க."

"கிழங்கு?"

"இன்னும் இல்லீங்க."

பூவாத்தாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பொறுக்கிக்கொண்டே இருந்தார்.

ஐம்பத்தாறாம் நாள் மழை வரும் போலிருந்தது. அன்று ஒரு கூடைக்கு இரண்டு கூடையாகப் போட்டார். அது பதினோராவது முறை. இலை ஒன்றும் வெளியே தெரியவில்லை. தட்டிச் சமப்படுத்தினார். அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் இலை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

பன்னிரண்டு நாள் பார்த்தார்.

*

அறுபத்தெட்டாம் நாள். காலை ஆறு மணி. பனிமூட்டம். கூடத்து மாடத்தில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பூவாத்தாள் அதன் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"அம்மணி, நீங்க குடுத்த கிழங்கு சொத்தைங்க."

"அப்படியா?"

"போஜன் வாளியெல்லாம் பூத்திருச்சு. என்ற கூண்டுல ஒரு இலைகூட இல்லை. நான் ஒரு குறையும் வைக்கலீங்க. ஒரு பொட்டு வெயில் படவிடலை. அவரு மூணு தடவை மண்ணு போட்டாரு. நான் பதினொண்ணு."

"மண் அணைச்சீங்க."

"அணைச்சேனுங்க."

பூவாத்தாள் சன்னலைப் பார்த்தார்.

"விடிஞ்சிருச்சு. அந்த விளக்கை அணைச்சிருங்க ஐயா."

அங்கணன் எழுந்தார். மாடத்தின் அருகே போய்க் கையை வீசினார். சுடர் போனது. திரியிலிருந்து புகை எழுந்தது.

"என்ன செஞ்சீங்க?"

"அணைச்சேனுங்க."

"மாடியில?"

திரியிலிருந்து புகை வந்துகொண்டே இருந்தது. அங்கணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு படியேறினார். பத்தொன்பது படி. எண்ணினாரா என்று தெரியாது.

*

கையால் மண்ணை அள்ளினார். ஒரு கை. இரண்டு கை. வாய்விட்டு எண்ணினார். பதினான்கு வரை சத்தம் கேட்டது. அதற்கு மேல் கேட்கவில்லை.

போஜன் மண்வெட்டியை நீட்டினார். அங்கணன் வாங்கவில்லை.

இரண்டு சாண் ஆழத்தில் தண்டு அகப்பட்டது. வெளிறிப்போய், வளைந்து, பக்கவாட்டில் திரும்பியிருந்தது. வலை ஓரமாக ஒரு கீற்று வெளிச்சம் வரும் இடம் நோக்கி அது போயிருந்தது. நுனியில் நான்கு இலைகள். மஞ்சள். குழந்தையின் விரல்கள்போல மடங்கியிருந்தன.

பூவாத்தாள் பின்னால் வந்து நின்றார்.

"பொழைக்குமுங்களா அம்மணி?"

"தெரியாதுங்க."

மூட்டம் மெல்ல விலகியது. கூண்டின் மேல் வெயில் விழுந்தது. இலைகளின் மேலும் விழுந்தது. அங்கணன் மறைப்பதற்காகக் கையைக் கொண்டுபோனார். பாதி வழியில் நிறுத்தினார்.

மணி ஏழானது. கடிகாரத்தைப் பார்க்காமலே அங்கணனுக்கு அது தெரியும். எழுந்துவிட்டாளா என்று கேட்கும் நேரம். அறுநூற்று நாற்பத்தொன்பதாவது அழைப்பு. அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"ஐயா," என்றார் பூவாத்தாள்.

"சொல்லுங்க அம்மணி."

"கையில மண்ணு இருக்குதுங்க."