பேய்க்கு இலை போட்ட வீடு

தென்காசிக்குத் தெற்கே பூச்சிக்குளத்தில் தண்ணீருக்குப் பஞ்சம் உண்டு, பஸ்ஸுக்குப் பஞ்சம் உண்டு, யோசனைக்கு மட்டும் என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. அதிலும் மேட்டுத்தெரு பூதலிங்கம் வீட்டில் யோசனை கரைபுரண்டு ஓடும். சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் அண்ணன் தம்பி மூன்று பேரும் கூடி உட்கார்ந்து, நாலு பக்கமும் யோசித்து, கடைசியில் சுவரை இடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

மூத்தவர் பூதலிங்கம், உரக்கடைக்காரர். நடுவுள்ளவர் நெல்லையப்பன். பத்திரிகையில் வருகிற மருத்துவக் குறிப்பு ஒன்றுவிடாமல் படித்துவிட்டு வீட்டில் உள்ளவர்களைப் படுத்துகிறவர். கடைக்குட்டி குற்றாலிங்கம்தான் நம்ம ஆள். பையன் தங்கமான பையன். ஆனாலும் முப்பது வயதுக்கு மேலாகியும் கல்யாணம் கூடவில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் அண்ணன்மார் வாயைத் திறப்பார்கள், பெண் வீட்டார் கதவை மூடிவிடுவார்கள்.

சங்கரன்கோவிலில் உலகம்மை வீட்டில்தான் கதவு மூடவில்லை. அந்தப் பெண் கேசரித் தட்டைக் கையில் கொடுத்துவிட்டு, தலையைக் குனியாமல் குற்றாலிங்கத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

“எனக்குப் பேய்ப்படம்னா உசுரு. எங்க வீட்டுல ஒருத்தரும் கூட உக்காந்து பார்க்க மாட்டாங்க. ஒரு பேய்ப்படத்தைப் பாதியில எந்திரிச்சு ஓடாம, கடைசிவரை என்கூடப் பார்க்கிற வீட்டுக்குத்தான் வாக்கப்படுவேன்.”

குற்றாலிங்கத்துக்கு அந்த இடத்திலேயே மனசு போய்விட்டது. இவள் இல்லையென்றால் இனி ஒருத்தியும் வேண்டாம் என்று கேசரியின் மேல் சத்தியம் செய்துகொண்டான்.

பெண்ணின் அப்பா தளவாய், பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கையே ஒரு விசிலுக்குக் கிளம்ப வேண்டும், ஒரு விசிலுக்கு நிற்க வேண்டும் என்று நினைக்கிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், படம் முடிந்தால் அங்கேயே தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம், முடியாவிட்டால் தூத்துக்குடியில் ஒரு பேங்க் மாப்பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டார். ஊர் என்ன பேசும் என்று அவருக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாள் மகள்.

பேய்ப்படம் எப்படிப் பார்ப்பது என்று குற்றாலிங்கம் உலகம்மைக்குப் போன் போட்டுக் கேட்டான். இருட்டில் பார்க்க வேண்டும் என்றாள் அவள். தின்பண்டம் படத்துக்குப் பொருத்தமாக விரல் மாதிரி, கண்ணு மாதிரி, ரத்தம் மாதிரி இருந்தால் ஜோராக இருக்கும் என்றாள். படம் ஓடும்போது யாரும் எழுந்திருக்கக் கூடாது என்றாள். அதை அவன் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் வந்து அண்ணன்மாரிடம் ஒப்பித்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சனிக்கிழமை ஒத்திகை. ஜன்னலுக்கெல்லாம் கம்பளியைக் கட்டிவிட்டு, மெயின் சுவிட்சையும் இறக்கினார் பூதலிங்கம். கூடம் கும்மிருட்டானது. கூடவே டிவியும் அணைந்தது. மூன்று பேரும் அணைந்த டிவியைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ரொம்ப நேரம் கழித்து, “படம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, இப்பவே குலை நடுங்குது. நல்ல படமாத்தான் இருக்கும்,” என்றார் பூதலிங்கம்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி ஆவுடை எட்டிப் பார்த்து, டிவிக்கும் கரண்ட் வேண்டும் என்று சொன்னாள். அந்த வீட்டில் அவளுக்குத்தான் அறிவு கொஞ்சம் கூடுதல். மெயினைப் போட்டார்கள். டிவி பளிச்சென்று எரிந்தது. இப்போது வேறு பிரச்சினை வந்தது.

“இந்த டிவியே வெளிச்சம் போடுதே. இருட்டு கெட்டுப்போச்சு பாருங்க,” என்றார் நெல்லையப்பன்.

“பொண்ணு இருட்டா இருக்கணும்னுதானே சொல்லிருக்கு. படம் தெரியணும்னு சொல்லுச்சால?” என்று கடைக்குட்டியைக் கேட்டார் பூதலிங்கம்.

குற்றாலிங்கம் நன்றாக யோசித்துப் பார்த்தான். அப்படி அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆகவே டிவிக்கும் ஒரு கம்பளியைப் போர்த்தினார்கள். ‘வெளிச்சமும் இல்லை, கரண்டும் இருக்கிறது, இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்’ என்று மூத்தவர் கையைத் தட்டிக்கொண்டார்.

தின்பண்டத்தை ஆவுடை ஏற்றுக்கொண்டாள். விரல் மாதிரி என்றால் எந்த விரல் மாதிரி என்று கேட்டுவிட்டு, அவளே புருஷனைப் பிடித்து அடுப்படியில் உட்காரவைத்து, அவர் ஆள்காட்டி விரலைப் பார்த்துப் பார்த்து முறுக்கு மாவை உருட்டினாள். நகத்துக்கு முந்திரிப்பருப்பு. பூதலிங்கத்துக்கு அந்த விரல் சின்ன வயதில் சைக்கிள் செயினில் மாட்டி இடதுபக்கம் ஒரு வளைவு வளைந்திருக்கும். முறுக்கும் அத்தனையும் இடதுபக்கம் வளைந்தே வெந்தது. கண்ணுக்குக் குழிப்பணியாரத்தில் கறுப்புத் திராட்சை வைத்தாள். பூதலிங்கம் கண்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து வைத்தார். மிஞ்சிய ஒற்றைக் கண்ணை, பாவம், யாருக்கும் கொடுக்க மனசில்லாமல் தானே தின்றார்.

ரத்தத்துக்கு பீட்ரூட்டை அரைத்துச் சர்க்கரை போட்டுக் கலக்கியாகிவிட்டது. அப்போதுதான் நெல்லையப்பன் குறுக்கே விழுந்தார்.

“மதினி, என்ன குரூப்னு பாக்காம யாருக்காவது ரத்தம் குடுப்பாங்களா? உடம்பு ஏத்துக்காது. படிக்கலையா நீங்க?”

உடனே தளவாய்க்குப் போன் போனது. அப்பா மகள் இரண்டு பேருக்கும் என்ன குரூப் ரத்தம் என்று நெல்லையப்பன் மரியாதையாக விசாரித்தார். தளவாய் அசந்துபோனார். ஜாதகத்தை மட்டும் பார்த்துக் கழுத்தறுக்கிற இந்தக் காலத்தில், ரத்தம் வரைக்கும் பொருத்தம் பார்க்கிற விவரமான குடும்பம் என்று மகளிடம் சொல்லிப் பூரித்தார். அதற்கு முன்னால் அந்த வீட்டாரை விவரமானவர்கள் என்று சொன்ன ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கூடத்தில் டம்ளர் டம்ளராகச் சிவப்பாக ஊற்றி, ஒவ்வொன்றிலும் குரூப்பை எழுதி ஒட்டி வைத்திருந்ததைத் தளவாய் பார்த்தார். தனியாக ஒரு குடம் நிறைய இருந்தது. ஓ குரூப் எல்லாருக்கும் சேரும், அதனால் அது பொது என்று விளக்கினார் நெல்லையப்பன். தளவாய் ஒரு முறுக்கை எடுத்தார். எடுத்தவர் அதைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த பூதலிங்கத்தின் கையைப் பார்த்தார், மறுபடி முறுக்கைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தட்டிலேயே வைத்துவிட்டார். பஸ்ஸில் வந்த பசி அவருக்கு. ஆனாலும் மனசு வரவில்லை.

உலகம்மை வந்ததும் டிவி மேலிருந்த கம்பளியை உருவினாள். ஏன் போர்த்தியிருக்கிறது என்று கேட்கவும் இல்லை. படம் ஓடியது. ஒரு பாழடைந்த பங்களா, அதில் ஒரு கதவு, கதவு கிரீச்சென்று திறந்தது. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஒரு பேய் நேராக நடந்து வந்து கூடத்தைப் பார்த்து நின்றது.

பூதலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். “வாங்க, வாங்க,” என்றார்.

இதில் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாசல் தாண்டி வந்தவர்களைப் பசியோடு அனுப்பக் கூடாது, வந்தவர் இலையில் கைவைக்காமல் வீட்டார் யாரும் வாயில் எதையும் வைக்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற சட்டம். பேயும் கதவைத் திறந்துகொண்டுதானே வந்தது. எழுந்து போய் வரவேற்கத்தான் முடியவில்லை, எழுந்திருக்கக் கூடாது என்று பெண் சொல்லியிருக்கிறது. அதனால் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து டிவிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். தம்பியிடம் ரிமோட்டில் படத்தை நிறுத்தச் சொன்னார். ஆவுடையும் அதேமாதிரி நகர்ந்து வந்து வாழையிலையை விரித்து, விரலும் கண்ணும் வைத்து, பொதுக்குடத்திலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி வைத்தாள்.

எல்லோரும் காத்திருந்தார்கள். பேய் அசையவில்லை.

“கூச்சப்படுறாங்க,” என்றார் பூதலிங்கம்.

“புருஷன் சாப்பிடாம சாப்பிட மாட்டாங்களோ என்னமோ,” என்றாள் ஆவுடை.

“கல்யாணம் ஆனவங்களா?”

“படத்தை ஓட்டினா தெரியும்.”

“அவங்க சாப்பிடாம எப்படி ஓட்டுறது?”

குற்றாலிங்கம் விரல்விட்டு எண்ணினான். பேய் சாப்பிட்டால்தான் படம் ஓடும், படம் ஓடினால்தான் பேய் ஏன் சாப்பிடவில்லை என்று தெரியும், படம் முடிந்தால்தான் உலகம்மை. தளவாய் இரண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். தூத்துக்குடிக்காரன் எங்கேயோ தலைசீவிக்கொண்டு நிற்பது போல அவனுக்குக் கண்ணில் தெரிந்தது. அவன் அழாத குறையாக உலகம்மையைப் பார்த்தான்.

அவளும் அவனைப் பார்த்தாள். பிறகு இலையைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினாள். அப்புறம் முகத்தைச் சரிசெய்துகொண்டு ஆவுடையிடம் மெதுவாகச் சொன்னாள்:

“அக்கா, அவங்களுக்கு இன்னைக்கு விரதமா இருக்கும். பார்சல் கட்டிக் குடுத்திருங்க.”

அடடா, என்ன அறிவு என்று மூன்று பேருக்கும் மலைப்பாகிவிட்டது. ஆவுடை இலையை அப்படியே மடித்து நூல் சுற்றி டிவி மேலே வைத்தாள். பேய்க்கே இவ்வளவு மரியாதை நடக்கிற வீட்டில் வருகிற மருமகளை எப்படி வைத்துக்கொள்வார்கள் என்று உலகம்மை அப்பாவின் காதில் சொன்னது குற்றாலிங்கத்துக்கும் கேட்டது. அவனுக்கு அப்போதே பாதித் தாலி கட்டின மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் படம் தடங்கலில்லாமல் ஓடியது. பேய் கத்தியது, கதவை உடைத்தது, ஒருத்தனைத் தூக்கிக் கிணற்றில் போட்டது. அண்ணன்மார் யாரும் எழுந்து ஓடவில்லை. ‘பசியில் கோபம் வரத்தான் செய்யும்’ என்று பூதலிங்கம் மட்டும் முனகினார். கடைசியில் ஒரு மந்திரவாதி வந்து, ஏதேதோ சொல்லி, பேயை நெருப்பில் தள்ளிவிட்டான். அது எரிந்து சாம்பலானது. படம் முடிந்தது.

தளவாய் முகம் மலர்ந்து, பையிலிருந்து வெற்றிலை பாக்கையும் தேங்காயையும் எடுத்துத் தட்டில் வைத்தார். குற்றாலிங்கம் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

அப்போதுதான் ஆவுடை தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஓவென்று அழத் தொடங்கினாள். என் கையால் ஒரு வாய் திங்காமல் போய்விட்டாளே மகராசி என்று மாரில் அடித்துக்கொண்டாள். நெல்லையப்பன் டிவி தலைமாட்டில் ஒரு விளக்கை ஏற்றினார். பூதலிங்கம் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, துண்டோடு தளவாய்க்கு முன்னால் வந்து நின்றார்.

“மன்னிக்கணும் அண்ணாச்சி. வீட்டுக்கு வந்தவங்க வீட்டுக்குள்ளயே போய்ச் சேந்துட்டாங்க. சாவு விழுந்த வீட்டுல எப்படித் தாம்பூலம் மாத்துறது? பதினாறு கழியட்டும்.”

தளவாய் இதற்குச் சண்டைக்கு வருவார் என்று நினைப்பீர்கள். அவர் சம்பிரதாயம் பார்க்கிற மனிதர், அதோடு நல்ல பசி மயக்கத்திலும் இருந்தார். தேங்காயைத் திரும்பப் பையில் போட்டார். “எங்க பக்கத்துலயும் வழக்கமில்லதான் தம்பி,” என்றவர், குரலைத் தாழ்த்தி, “எப்ப எடுக்கிறாங்க?” என்று கேட்டார். பதினாறு கழிந்தால் ஆடி பிறந்துவிடும், ஆடி போய் ஆவணி வருவதற்குள் தூத்துக்குடிக்கு வாக்குக் கொடுத்துவிட வேண்டியிருக்குமே என்று தனக்குத்தானே கணக்கும் போட்டுக்கொண்டார்.

இந்த முறை உலகம்மைக்கும் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கிவிட்டது. அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் குற்றாலிங்கத்துக்கு என்ன வந்ததோ தெரியாது, பிறந்ததிலிருந்து முதல் முறையாக அண்ணன்மாரைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தான். ரிமோட்டை எடுத்துப் படத்தைப் பின்னால் ஓட்டினான்.

சாம்பல் கூடிப் பேயானது. பேய் நெருப்பிலிருந்து ஒரு முடி கருகாமல் எழுந்தது. கிணற்றில் கிடந்தவன்கூட மேலே வந்து தரையில் நின்றான். பேய் பின்பக்கமாகவே நடந்து நடந்து, வந்த கதவு வழியாக வெளியே போய், கதவையும் மரியாதையாகச் சாத்திக்கொண்டது. அந்த இடத்தில் குற்றாலிங்கம் படத்தை நிறுத்தினான்.

“பிழைச்சு எந்திரிச்சு நடந்தே போயிட்டாங்க, அண்ணே,” என்றான்.

பூதலிங்கம் மூடிய கதவை ரொம்ப நேரம் பார்த்தார். “ஆமால. போயிட்டாங்க,” என்று சட்டையை எடுத்து மாட்டினார். ஆவுடை கண்ணைத் துடைத்துக் கொண்டையைப் போட்டாள். அந்த அம்மா பார்சலை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டதே என்று அவளுக்கு ஒரு வருத்தம். அந்தப் பார்சலைத் தளவாய் பிரித்து, எந்த விரல் யாருடையது என்று பார்க்காமல் மொத்தத்தையும் சாப்பிட்டு முடித்தார். அப்புறம் தாம்பூலம் மாறியது.

ஆனால் கல்யாணம் முடிகிறவரை யாராவது தவறிப்போய் பொத்தானை அமுக்கிவிட்டால் அந்த அம்மா மறுபடி வந்து மறுபடி செத்துப்போவாள், வீட்டுக்குத் தீட்டு வந்துவிடும். அதனால் அன்றிலிருந்து குற்றாலிங்கம் ரிமோட்டைக் கையைவிட்டு இறக்கவில்லை. குளிக்கப் போனாலும் கூடவே போனது. மணவறையிலும் இடது கையில் ரிமோட்டோடுதான் உட்கார்ந்திருந்தான். மூன்று முடிச்சுப் போடுகிற நேரத்துக்கு மட்டும் உலகம்மை அதை வாங்கி, ஒரு பொத்தானிலும் விரல் படாமல் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டிருந்தாள்.

ஊரே சீர்வரிசையைப் பார்க்கக் கூடியது. பித்தளைக் குத்துவிளக்கு, வெண்கலப் பானை, பட்டு, பழத்தட்டு எல்லாம் வரிசையாக வந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் தளவாய் தன் தலையில் ஒரு தாம்பாளத்தைச் சுமந்து வந்தார். அதில் மஞ்சள் குங்குமம் வைத்து, பூச்சுற்றி, தாம்பாளம் நிறையப் பென்சில் பேட்டரி அடுக்கியிருந்தது.