நிழல் பிடித்த தூண்டில்முள்

ரொம்பக் காலத்துக்கு முன்னாலே, ஆறுகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடிக்காத காலத்திலே, மகரகேது என்று ஒரு ராஜா இருந்தான். ராஜா என்றால் யானை சேர்ப்பான், குதிரை சேர்ப்பான். இவன் என்ன சேர்த்தான் தெரியுமா? பழைய தூண்டில். சிரிக்காதீங்க, கேளுங்க.

அரண்மனையில் ஒரு மண்டபம் முழுக்கத் தூண்டில்தான். சங்கை இழைத்துச் செய்த முள், மான்கொம்பு முள், பித்தளை முள், குதிரைவால் முடியில் திரித்த கயிறு, மயிலிறகுத் தண்டில் செய்த மிதவை. எல்லாவற்றையும் தினமும் தன் கையாலேயே துடைப்பான். ஒன்றையாவது தண்ணீரில் போட்டானா? மாட்டான். கேட்டால், "நனைந்தால் களிம்பு ஏறும்" என்பான்.

ஒருநாள் அவனுக்கு ஒரு சேதி வந்தது. பெருமடுக் கரையில் ஒருத்தி ஒரு செப்பு முள் வைத்திருக்கிறாளாம். அதில் மாட்டிய எதுவும் தப்பியதே இல்லையாம். அதைக் கேட்டதிலிருந்து ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. குதிரை ஏறிப் போய்விட்டான்.

மடுக் கரையில் அவள் உட்கார்ந்திருந்தாள். சாயங்கால வெயில். மரத்துக்கு நிழல் இருந்தது, கல்லுக்கு நிழல் இருந்தது, அவளுக்கு மட்டும் நிழல் இல்லை. ராஜா அதைப் பார்க்கவில்லை. அவன் கண்ணெல்லாம் அவள் உள்ளங்கையில் இருந்த முள்ளின் மேலே.

"என்ன வேண்டுமோ கேள், தருகிறேன்."

"ஒண்ணும் வேண்டாம் ராஜா, எடுத்துக்குங்க. ஆனா நனைக்காம வைக்காதீங்க. நனையாத முள் பசியோட இருக்கும்."

"நனைந்தால் களிம்பு ஏறும்."

"அப்புறம் உங்க இஷ்டம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. என் கையால இது ஒடியாது. ஆசைப்பட்டு வாங்கினவங்க கையாலதான் ஒடியும்."

"இதை எந்த மடையன் ஒடிப்பான்?" என்று ராஜா முள்ளை வாங்கிக்கொண்டு வந்தான். மண்டபத்து நடுச்சுவரில் மாட்டினான்.

நனையாத முள் பசியோடு இருந்தது.

முதலில் அரண்மனை மயில் அந்தப் பக்கம் வந்தது. அதன் நிழல் சுவரில் விழுந்ததும் முள் லபக்கென்று கவ்வியது. மயில் பதறி இழுத்துக்கொண்டு ஓடியது. நிழலில் ஒரு துண்டு கிழிந்து முள்ளிலேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து மயில் தோகை விரிக்கவே இல்லை. அடுத்து ஒரு காவல்காரன். அவன் நிழலும் கிழிந்தது, அவன் படுத்த படுக்கையானான். "காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை" என்று சொல்லிவிட்டு ராஜா முள்ளைத் துடைத்தான். ஆசைப்பட்டு வாங்கினவன் நிழலை மட்டும் அது கவ்வவில்லை.

மூன்றாவதாக வந்தது ராஜாவின் ஒரே மகள் மரகதவல்லி.

"அப்பா, சாப்பிட வாங்க" என்று கூப்பிடத்தான் வந்தாள். முள் அவள் நிழலின் நெஞ்சில் ஏறியது. அப்படியே சுவரோரமாய்ச் சாய்ந்தாள். ஓர் அடி நகர்ந்தால் நிழல் கிழியும், நெஞ்சு முழுக்கக் கிழிந்தால் உயிர் போகும். அப்போதுதான் ராஜாவுக்கு எல்லாம் புரிந்தது.

குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினான். இரை பிடித்த பிறகு முள்ளுக்குத் தண்ணீர் எதற்கு? விளக்கை அணைத்துப் பார்த்தான். நிழல் மறைந்தது, வலி மறையவில்லை. வைத்தியர் வந்து எண்ணெய் தடவினார். மந்திரவாதி வந்து முள்ளைப் பின்னால் இழுத்தான், நிழல் ஒரு விரற்கடை கிழிந்தது, பெண் துடித்துப்போனாள். கொல்லன் வந்தான். முள்ளைப் பார்த்தான், ராஜாவைப் பார்த்தான்.

"ஒடிச்சாத்தான் வரும், மகாராஜா. நீங்களேதான் ஒடிக்கணும்."

"வேறு வழி சொல்" என்றான் ராஜா.

பாருங்க அவன் மனசை! கொல்லன் சொல்லித்தான் அவனுக்குத் தெரியவேண்டுமா? தூண்டிலைப் பற்றி அவனுக்குத் தெரியாதது உண்டா? மாட்டிய முள்ளைப் பின்னால் இழுத்தால் கிழிக்கும். நுனியில் திரும்பி நிற்கிற எதிர்முள் விடாது. முன்னால் தள்ளி, நுனியை வெளியே கொண்டுவந்து, எதிர்முள்ளை ஒடித்துவிட்டுத்தான் உருவ வேண்டும். இது அவனுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் ஆள்மேல் ஆளாய்க் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். உலகத்தில் அப்படி ஒரு முள் இன்னொன்று கிடையாதே.

மரகதவல்லி மெதுவாய்க் கேட்டாள். "அப்பா, சின்ன வயசுல என் விரல்ல ஒரு தூண்டில்முள் ஏறிச்சே, ஞாபகம் இருக்கா? மடியில வச்சுக்கிட்டு எடுத்தீங்க."

"இருக்கும்மா."

"உடனே ஒடிச்சீங்களே. யோசிக்கவே இல்லையே."

"அது சந்தையில வாங்கின முள்ளும்மா" என்றான் ராஜா.

தான் சொன்னது ராஜாவின் காதில் அப்போதுதான் விழுந்தது. அவனுக்கு வெட்கம் தாங்கவில்லை. தேம்பித் தேம்பி அழுதான்.

"என் தோளைப் பிடிச்சுக்கோ கண்ணு. முதல்ல ரொம்ப வலிக்கும்."

கொல்லன் கையிலிருந்த இடுக்கியை வாங்கினான். முள்ளை முன்னால் தள்ளினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். நுனி வெளியே வந்தது. ராஜா கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டேதான் ஒடித்தான்.

டக்.

மகளின் நிழல் மகளோடு சேர்ந்தது. மயில் தோகை விரித்தது. காவல்காரன் எழுந்து கஞ்சி கேட்டான். பெருமடுக் கரையில் நிழலில்லாத அந்தப் பெண் தன் காலடியைப் பார்த்தாள். அந்த முள் முதல் முதலாகப் பிடித்தது அவள் நிழலைத்தான். அது திரும்பி வந்திருந்தது. எழுந்து, அழுதுகொண்டே தன் ஊரைப் பார்க்க நடந்தாள்.

மண்டபத்துத் தூண்டில்களையெல்லாம் ராஜா ஆற்றங்கரைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டான். எல்லாம் நனைந்தன, சிலவற்றில் களிம்பு ஏறியது, சில மீனோடேயே போய்விட்டன.

வெறும் சுவரின் முன்னால் நின்று ஒருநாள் சொன்னான். "அந்தச் சந்தை முள்ளை மட்டும் வச்சிருக்கலாம். ஒடிஞ்சதுன்னு தூக்கி எறிஞ்சுட்டேன்."

மரகதவல்லி உள்ளே போய்த் தன் நகைப்பெட்டியை எடுத்துவந்தாள். அடியில், துணியில் சுற்றி, ஒடிந்த முள் ஒன்று இருந்தது.

"நீங்க எறிஞ்சீங்க. நான் எடுத்து வச்சுக்கிட்டேன்."

அந்தச் சுவரில் பிறகு இரண்டே முள். இரண்டும் ஒடிந்தவை.

கதை கரை சேர்ந்தது. எழுந்து போகும்போது உங்கள் நிழல் உங்களோடு வருகிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.