தலைவரின் ரத்தப் பொரியல்

கொரோனா ஊரையே ஆட்டிவைத்த காலம். கண்மாய்க்கரை மேய்ச்சல் நிலத்தை வளைத்துப்போட நெடுநாளாக நாக்கைத் தொங்கப்போட்டிருந்த பஞ்சாயத்துத் தலைவர் ஞானசிகாமணி, ஊரைக் கூட்டி, ஆடு மேய்க்கும் முத்துப்பேச்சியை நடுவில் நிறுத்தினார்.

“ஆட்டு ரத்தத்தைக் குடிச்சுக் குடிச்சு, உன் ஆடுங்க மேல ஒட்டியிருக்குற உண்ணிக்குள்ள கொரோனா ஊறிக் கெடக்கு. அது கடிச்சா ஊரே அவ்வளவுதான்! இல்லைன்னு நிரூபி. முடியலைன்னா இன்னிக்கே ஆடுகளோட கரையைக் காலி பண்ணு!”

உண்ணிக்குப் பரிசோதனை செய்ய அவள் எங்கே போவாள்? முகக்கவசத்தை ஏற்றிவிட்டுக்கொண்டு கும்பிட்டாள்.

“போயிடுறேன் தலைவரய்யா. ஆனா நீங்களும் கூடவே வரணுமே!”

“நான் எதுக்கு?”

“உண்ணி குடிக்கிறது ஒரு சொட்டு. எங்கிட்ட வாங்குன கிடாயை அறுத்து, ஞாயித்துக்கிழமை தவறாம நீங்க தட்டு நிறைய ரத்தப் பொரியல் சாப்பிடுறீங்க. உங்களுக்குள்ள எவ்வளவு ஊறியிருக்கும்?”

பக்கத்தில் நின்றவர்கள் சட்டென்று விலகினார்கள். தலைவரின் மனைவியே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“ஏய்! ஆட்டு ரத்தத்துல கொரோனாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை!” என்று தலைவர் அலறினார்.

“ரத்தத்துல இல்லாதது உண்ணிக்கு மட்டும் எங்கேருந்துய்யா வரும்?”

கூட்டம் சிரித்த சிரிப்பில் தலைவர் வீடு போய்ச் சேர்ந்தார். ஆடுகள் கரைக்குத் திரும்பின.

அந்த ஞாயிற்றுக்கிழமை தலைவர் இலையில் விழுந்தது கத்தரிக்காய்ப் பொரியல்.