மிளகியும் மூக்குமேல் எறும்பும்

மூங்கில் காட்டுக் குளத்தோரம் ஒரு சருகுமான் அம்மா தன் குட்டியோடு இருந்தாள். சருகுமான் என்பது முயல் அளவே இருக்கும் மான். அதன் குட்டி எவ்வளவு இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்! அந்தக் குட்டியின் பெயர் மிளகி.

மிளகிக்கு ஒரே ஆசை. கரடியின் நாடகக் குழுவில் சேர வேண்டும்!

மழைக்காலத்தில் காட்டு மிருகங்கள் எல்லாம் பெரிய குகையில் ஒதுங்கும். அங்கே கரடியின் குழு தினமும் நாடகம் போடும். வருடத்துக்கு ஒரே ஒரு குட்டியைத்தான் புதிதாகச் சேர்ப்பார்கள். அதற்குத் தேர்வு உண்டு. ஒரு நத்தை தாமரை இலையைக் கடந்து முடிப்பதற்குள், பாறைமேல் தனியாக நின்று ஒரு பேச்சை நடித்துக் காட்ட வேண்டும். ஒரு குட்டிக்கு ஒரே தடவைதான் வாய்ப்பு.

ஒரே தடவை என்றதும் சருகுமான் அம்மா புலம்பத் தொடங்கினாள். "என் பிள்ளை இத்தனூண்டு! பாறைமேல நின்னா கண்ணுக்கே தெரியாதே. எல்லாரும் சிரிச்சுட்டா என்ன பண்ணுவேன்?"

அவள் கிளியிடம் ஓடினாள். பழைய நாடகப் பேச்செல்லாம் கிளிக்கு மனப்பாடம். காட்டில் எல்லோருக்கும் அவர் கிளி மாஸ்டர்.

"மாஸ்டர், என் பொண்ணுக்கு நல்ல பேச்சா ஒண்ணு எடுத்துக் கொடுங்க!"

கிளி ஒரு கண்ணால் மிளகியைப் பார்த்தார். "சாகப்போற கிழப்புலியோட புலம்பல்! போன வருஷம் சிறுத்தைக்குட்டி இதைப் பேசித்தான் ஜெயிச்சுது. வேற எதுவும் எடுபடாதும்மா!"

"இவளைப் பார்த்தா புலி மாதிரியா இருக்கு, மாஸ்டர்?"

"அழுதா போதும்! நாலாவது வரியில விம்மணும். ஏழாவது வரியில மார்ல அடிச்சுக்கணும். கரடி அப்படியே உருகிடுவார்!"

மிளகி அம்மாவின் காலை உரசினாள். "அம்மா, நான் வேற ஒண்ணு..."

"சும்மா இரு கண்ணு! மாஸ்டருக்குத் தெரியாததா?"

அன்றிலிருந்து பயிற்சி ஆரம்பித்தது.

"நூறு காடுகளை நடுங்க வைத்த நகங்களே!" என்று மிளகி கீச்சுக் குரலில் முழங்கினாள். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தாள். "அம்மா, எனக்கு நகமே இல்லையே. குளம்புதானே இருக்கு?"

"இருக்கிற மாதிரி நினைச்சுக்கோ."

"புலி ஏன்மா அழுது?"

"வயசாயிடுச்சு. அதான்."

"வயசானா அழணுமா?"

அம்மா அவசரப்படுத்தினாள். "அடுத்த வரியைச் சொல்லு!" என்றாள்.

தேர்வு நாள் வந்தது. குளக்கரை முழுக்கக் குட்டிகள், அவர்களுக்குப் பின்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு அம்மாக்கள். பாறைக்கு எதிரே கரடி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தாமரை இலைமேல் நத்தை தயாராக இருந்தது.

முதலில் தவளைக்குட்டி ஏறினான். "நூறு காடுகளை நடுங்க வைத்த நகங்களே!"

சருகுமான் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'ஐயோ, இது நம்ம பேச்சாச்சே!'

அடுத்து முயல்குட்டி. அவனும், "நூறு காடுகளை..." அடுத்து முள்ளம்பன்றிக்குட்டி. அவளும் அதே புலிதான். மார்பில் அடித்துக்கொள்கிறேன் என்று தன் முள்ளையே குத்திக்கொண்டு நிஜமாகவே அழுதாள்! கிளி மாஸ்டர் எல்லோருக்கும் ஒரே பேச்சைத்தான் கொடுத்திருந்தார்.

ஐந்தாவதாக வந்த குரங்குக்குட்டியைக் கரடி நிறுத்தினார். "தம்பி, புலி எதுக்கு அழுது?"

"நாலாவது வரி வந்துடுச்சுங்க. அதான்!"

கரடி நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். "இன்னைக்கு எத்தனை புலிதான்டா சாகும்! அடுத்து யாரு?"

அடுத்து மிளகி.

சருகுமான் அம்மா அவளை வழிமறித்தாள். "கண்ணு, வா, வீட்டுக்குப் போயிடலாம். வயித்து வலின்னு சொல்லிடறேன். அடுத்த வருஷம் கெஞ்சிப் பார்க்கலாம்."

"எனக்கு வலிக்கலையேம்மா! நான் புலியைச் சொல்லலை. என் எறும்பைச் சொல்றேன்."

"எந்த எறும்பு?"

அதற்குள் மிளகி துள்ளிப் பாறைமேல் ஏறிவிட்டாள். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மிளகி ஒரு கூழாங்கல்லைப் போலச் சுருண்டு படுத்தாள். உடம்பில் ஒரு மயிர்கூட அசையவில்லை. கண் மட்டும் மெதுவாக மூக்கு நுனிக்கு வந்தது.

"எறும்பண்ணே! அங்கே ஏறாதீங்க. அது என் மூக்கு! கிளை இல்லே!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நான் உங்களைத் தட்டிவிட முடியாது. அம்மா இரை தேடப் போயிருக்கு. வர்ற வரைக்கும் அசையவே கூடாதுன்னு சொல்லியிருக்கு. நீங்களா இறங்கிடுங்க... ஐயையோ, கீழே இறங்குங்கன்னா உள்ளே போறீங்களே!"

குளக்கரையே சிரித்தது. தவளைக்குட்டி சிரித்த சிரிப்பில் தண்ணீரில் விழுந்தான். சருகுமான் அம்மா ஒரு கண்ணைத் திறந்தாள்.

"அண்ணே, உங்களுக்கு ஒரு ரகசியம் சொல்றேன். எங்கம்மாவுக்கு ரொம்பப் பயம். அதனால நான் பயப்படறதில்லே. ரெண்டு பேரும் பயந்தா, அப்புறம் யாரு தைரியமா இருக்கிறது?"

சிரிப்பு அடங்கியது. அம்மா இன்னொரு கண்ணையும் திறந்தாள்.

"உஷ்! சருகு சத்தம் கேக்குது. யாரோ வர்றாங்க." மிளகியின் குரல் மூச்சுக்காற்றாகத் தேய்ந்தது. "அம்மாவா? நரியா? எறும்பண்ணே, நீங்களும் அசையாதீங்க..."

குளக்கரையில் யாரும் அசையவில்லை. குரங்குகள்கூட! கரடி வாயைத் திறந்தபடியே இருந்தார்.

"அம்மா வாசனை!" என்று மிளகி கத்தினாள். "அம்மா, அம்மா, என் மூக்கு... அ... அ... அச்சூம்!"

நத்தை அப்போதுதான் இலையின் விளிம்பைத் தொட்டது. அதுவும் பாறையையே பார்த்துக்கொண்டு வந்ததில், தொபுக்கென்று குளத்தில் விழுந்தது!

கரை முழுக்க ஆரவாரம். கரடி எழுந்து பாறை அருகே வந்தார். "இந்தப் பேச்சை உனக்கு யாரும்மா எழுதிக் கொடுத்தது?"

"யாரும் இல்லீங்க. தினமும் இப்படித்தான் நடக்குது."

"எறும்பு எங்கே இருந்துச்சு?"

மிளகி சட்டென்று மூக்கின் இடப்பக்கத்தைக் காட்டினாள். "இங்கே. இன்னும் அரிக்குது!"

கரடிக்குத் தன் மூக்கும் அரித்தது. சொறிந்துகொண்டே சொன்னார். "மழை ஆரம்பிச்சதும் குகைக்கு வந்துடு. உனக்கு இடம் உண்டு."

மிளகி நான்கு காலையும் காற்றில் உதைத்துத் துள்ளினாள். அம்மா ஓடிவந்து அவள் மூக்கை நக்கினாள். "ஏன்டி, இத்தனை நாளா எறும்பு ஏறினதை என்கிட்டே சொல்லவே இல்லையே?"

"சொல்ல வந்தேன்மா. நீங்க அடுத்த வரியைச் சொல்லச் சொன்னீங்க!"

அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் நீரும் வந்தது.

அப்போது முயல் அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அக்கா, அக்கா! அந்த எறும்புப் பேச்சை எங்க சின்னவனுக்கும் சொல்லிக்கொடுங்க. அடுத்த வருஷம் அவன் முறை!"

"உங்க சின்னவன் மூக்குல எறும்பு ஏறினா, அவன் அடுத்த காட்டுல போய்த்தான் நிப்பான்! ராத்திரி படுக்கும்போது அவன் என்ன வளவளன்னு பேசறான்?"

"அது ஏதோ... காது ரெண்டும் சண்டை போட்டுக்குதுன்னு உளறிட்டே இருப்பான். நான் எங்கே கேட்டேன்!"

"இன்னைக்குக் கேளுங்க!" என்று சருகுமான் அம்மா சிரித்தாள்.

குழந்தை என்ன பேச வேண்டும் என்று ஊரெல்லாம் தேடி அலைவதற்கு முன்னால், குழந்தை என்ன பேசுகிறது என்று பெற்றவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.